வலது கால் செருப்பு

1

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, உலகம் முழுவதும் கடற்கரைகளைத் துப்புரவாக்கும் நாள். இலங்கையில் இருக்கும் நீங்கள் பேப்பரில் படம் பார்த்திருப்பீர்கள். யாராவது ஒரு பெரிய மனிதர் வெள்ளை உடுப்போடு குனிந்து ஒரே ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுப்பார், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் நான் குடியிருக்கும் இந்தச் சின்னக் கரையோர ஊரில் பெரிய மனிதர் யாரும் வருவதில்லை. ஆனால் கடலோரத்தில் ஒரு போத்தல் மூடியைக் குனிந்து எடுப்பதற்கும் முன்கூட்டியே கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். கூரானது ஏதும் குத்தினால் கவுன்சில் பொறுப்பல்ல என்று ஒப்பமிட வேண்டும். வெயிலுக்குக் கிறீம் பூசினீர்களா, முதுகு நோவு இருக்கிறதா, மயங்கி விழுந்தால் யாருக்குச் சொல்வது என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டே விசாரிக்கும். கொழும்பில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இல்லாமல் வாசல் தாண்டாதவன் நான். இதெல்லாம் எனக்குப் பழகின சமாச்சாரம்தான், ஆனாலும் எரிச்சல் வரும்.

முதல் வருடம், நிறைய சிலிப்பர் பொறுக்கினேன் என்று அவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்குச் சிலிப்பர் என்றால் ரப்பர் செருப்பு, இங்கே வீட்டுக்குள் போடும் பஞ்சுச் செருப்பாம். யாருடைய கட்டிலடியில் பொறுக்கினானோ என்று யோசித்திருப்பார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கரையில் ரப்பர் செருப்பு எதைக் கண்டாலும் மண்ணைத் தட்டி, திருப்பி, குதிக்கால் வைக்கும் இடத்தைப் பார்ப்பேன். பிறகுதான் பையில் போடுவேன்.

என் மகள் ஆரணிக்குப் பதினாறு வயது. நடக்கத் தொடங்கின காலத்திலிருந்து அந்த நாளில் என்னோடு வருகிறவள். இங்கே பிறந்தவள், தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்வாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தை என்றைக்கோ தலைமுழுகிவிட்டாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் வயிற்று வலி வரும். ஆனால் நான் கடையில் ஒரு பிளாஸ்டிக் பை வாங்கிவிட்டால், கொலை செய்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் இவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே செருப்பு எடுத்த பிள்ளைகளையெல்லாம் மறித்து, குதிக்காலில் மூன்று ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பையில் போட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறாள். ஏன் என்று டீச்சர் கேட்டபோது முழித்தாளாம். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவள் அதுவரை நம்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்தாள். அது ஊர்ப் பழக்கம் என்று சமாளித்தேன். ஊர்ப் பழக்கம் என்று சொல்லிவிட்டால் இங்கத்தைப் பிள்ளைகள் மேலே கேட்கமாட்டார்கள். கேட்டால் பெரிய விளக்கம் தொடங்கிவிடும் என்ற பயம் அவர்களுக்கு.

அது ஊர்ப் பழக்கம் அல்ல. கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்த ரெஜினா அக்கா என்ற ஒரு பெண்ணின் பழக்கம்.

2

போர் கடைசித் தடவையாக மூண்ட காலம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நானும் மனைவி விஜியும் குடியிருந்தோம். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எனக்கு வேலை. வருடத்துக்கு ஒருமுறை சுற்றாடலில் பற்று வந்து, கந்தோர் எங்களைக் கடற்கரைக்கு அனுப்பும். உண்மையைச் சொன்னால் எனக்குச் சுற்றாடல் பற்றி ஒரு கவலையும் இருக்கவில்லை. இலவசமாக ஒரு ரீசேர்ட், மஞ்சள் தொப்பி, மாலு பணிஸ் என்று ஒரு மீன் பணிஸ். அதோடு இன்னொன்றும் இருந்தது. என் வீட்டு யன்னலில் நின்றால் கடல் தெரியும், ஆனால் ரயில் பாதையைத் தாண்டி மணலில் போய் நின்றால் கடற்படைக்காரன் விசிலடித்துக் கூப்பிடுவான். அந்த மஞ்சள் தொப்பி தலையில் இருந்தால் கூப்பிடமாட்டான். வருடத்தில் ஒரு காலைப்பொழுது நான் பயமில்லாமல் கடலில் கால் நனைத்தேன்.

சோளகக் காற்று ஓயாத காலம் அது. நகரத்துக் கால்வாய்கள் கொண்டுபோய்க் கொட்டிய எல்லாவற்றையும் கடல் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கும். மூன்று மூன்று பேராகப் பிரிப்பார்கள். ஒருவர் பொறுக்க, ஒருவர் உரப்பையைப் பிடிக்க, மற்றவர் போத்தல், மூடி, வலை, செருப்பு என்று வகைப்படி கோடு கீறி எண்ண வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் மணலில் விரித்த ஒரு நீலத் தறப்பாளில் கொட்டிச் சரிபார்ப்பார்கள்.

அப்படி ஒரு வருடம், ரயில் பாதைக் கடவையில் நின்ற பொலிஸ்காரனோடு ஒரு பெண் வாக்குவாதப்படுவது கேட்டது. ஐம்பது வயதிருக்கும். நூல் சேலை, கழுத்தில் அந்தோனியார் பதக்கம், கையில் குடை.

"அம்மே, கொஹெத யன்னே?" என்று, எங்கே போகிறாய் என்பதை அவன் மறுபடி மறுபடி கேட்டான்.

"சுத்தம் செய்யத்தான், மாத்தயா" என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். சுத்தம் செய்ய வந்தவள் போல இல்லை. எங்களை மேய்த்துக்கொண்டிருந்த சாந்தினி மிஸ் இரக்கப்பட்டுத் தன் தொப்பியைக் கழற்றி அவளுக்குப் போட்டு உள்ளே எடுத்தார். தமிழ் தெரிந்த ஆள் என்று என்னிடம் ஒப்படைத்தார்.

"தம்பி, செருப்பெல்லாம் நான் பார்க்கிறன். மத்ததை நீங்க எடுங்க" என்றாள் வந்தவுடன்.

தறப்பாளின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஒவ்வொரு செருப்பாக எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, குதிக்காலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வைத்தாள். பெண்பிள்ளைகளின் செருப்பு, குழந்தைச் செருப்பு எதையும் விடவில்லை.

"என்ன அக்கா தேடுறீங்கள்?" என்று கேட்டேன்.

நிமிராமலே சொன்னாள். "எனக்கு மூண்டு பொடியன்கள் தம்பி. மூண்டு பேருக்கும் ஒரே சைஸ் கால். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு மூண்டு பேருக்கும் ஒரே மாதிரி நீலச் செருப்பு வாங்கிக் குடுத்திட்டன். விடிஞ்சாப் பொழுதுபட்டா அது என்ட, இது உன்ட எண்டு சண்டை. பின்னல் ஊசியை அடுப்பில காய்ச்சி ஓட்டை போட்டனான். மூத்தவனுக்கு ஒண்டு. நடுவிலானுக்கு ரெண்டு. ஜூட்டுக்கு மூண்டு."

ஜூட் துறைமுகத்தில் கொள்கலன்களைக் கணக்கெடுக்கும் வேலை பார்த்தவன். ஒரு பின்னேரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிவருகிறேன் என்று இடுப்பில் கட்டின சாரத்தோடும் அந்தச் செருப்போடும் தெருமுனைக் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வான் வண்டி நின்றது என்று கடைக்காரர் சொன்னார். மறுநாள் கேட்டபோது வான் எதையும் காணவில்லை என்றார். பொலிஸில் முறைப்பாடு எழுதப் போனாள். என்ன உடுத்திருந்தான் என்று கேட்டார்கள். செருப்பில் மூன்று ஓட்டை என்று அவள் சொன்னபோது எழுதியவர் பேனையை மூடிவிட்டாராம்.

"ஆளைக் கடலில போட்டா முதல்ல கரைக்கு வாறது செருப்புத்தான் எண்டு ஒரு ஆள் சொன்னவர். மிதக்கும் தானே. அதான் வந்தனான்."

"கிடைக்கும் அக்கா" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்.

"கிடைக்கக்கூடாது தம்பி. கிடைக்கேல்லையெண்டா அவன் கடலில இல்ல. எங்கயோ அந்தச் செருப்போட நடந்து திரியிறான். அதைப் பார்த்து உறுதி செய்யத்தான் வந்தனான்."

அன்று மூன்று ஓட்டைச் செருப்பு எதுவும் இருக்கவில்லை. தொப்பியை மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொட்டாஞ்சேனை வழியாக மட்டக்குளிக்குப் போகும் 155ஆம் பஸ்ஸைப் பிடிக்கக் காலி வீதிக்கு ஏறினாள். சோதனையில் பாஸாகின பிள்ளையின் தாய் போல அவள் முகம் இருந்தது.

3

அடுத்த வருடமும் வந்தாள். இந்தமுறை கடவையில் யாரும் மறிக்கவில்லை. பத்துப் பேர் வேலை செய்தால் பத்துப் பேரும் செருப்பைக் கண்டவுடன் திருப்பிப் பார்த்தார்கள். மொறட்டுவையிலிருந்து வந்த சிங்களப் பொடியன்கள்கூட, "நேனே அம்மே, இல்லை" என்று இரண்டு மொழியிலும் அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் பையில் போட்டார்கள்.

ரெஜினா அக்கா பார்த்து முடித்த செருப்புகளைத் தறப்பாளில் வரிசையாக வைத்தாள். பாதி வரிசை வந்தபோதுதான் விஜி என் கையைக் கிள்ளினாள். அன்று அவளும் கூட வந்திருந்தாள்.

"இஞ்சை பாருங்கோ. எல்லாம் இடது கால்."

பார்த்தேன். நீலம், சிவப்பு, பச்சை, வார் அறுந்தது, பாசி பிடித்தது. ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே இடது கால். எல்லாவற்றையும் கடலுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்தபடி வைத்திருந்தாள். தண்ணீரிலிருந்து ஏறி வந்த ஒரு கூட்டம் ஒற்றைக் காலில் எங்கள் முன்னால் நிற்பதுபோல இருந்தது. பட்டப்பகல், வெயில், பக்கத்தில் மாலு பணிஸ் பெட்டி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை மறைக்க, மற்றக் காலைக் கடல் வட்டிக்கு வைத்துக்கொண்டதாக்கும் என்று ஏதோ பகிடி விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சாந்தினி மிஸ் விளக்கினார். இடதும் வலதும் ஒரே வடிவமல்லவாம். காற்றும் நீரோட்டமும் ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை இன்னொரு பக்கமும் தள்ளிக்கொண்டு போகுமாம். சில கரைகளில் இடது சேரும், வேறு கரைகளில் வலது சேரும் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். நான் அதை ரெஜினா அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது என்று சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது.

அவள் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப வலது எங்க போகுது?"

"வேற நாட்டுக் கரைகளுக்குப் போகுமாம் அக்கா."

"அப்ப நான் பாதியைத்தான் பார்த்திருக்கிறன்" என்றாள். போன வருடம் பஸ் ஏறும்போது இருந்த முகம் அன்று அவளிடம் இல்லை.

அந்த வருடம் இன்னொன்றும் நடந்திருந்தது. ஜூன் மாதத்தில் சுற்றாடல் தினத்துக்கு எங்கள் ஒழுங்கையில் மரக்கன்றுகள் நட்டு, ஒவ்வொன்றுக்கும் கூடு கட்டிப் பாதுகாப்புச் செய்தார்கள். அந்தக் கிழமையே, முன்னால் இருந்த லொட்ஜில் தங்கியிருந்த வடக்குக் கிழக்குத் தமிழ் ஆட்களைப் பொலிஸார் விடியப்புறம் எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் கொண்டுபோனார்கள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனவர்கள் செருப்பைத் தேடவில்லை. லொட்ஜின் படிக்கட்டில் அவை சோடி சோடியாகக் கிடந்தன. நீதிமன்றம் தலையிட்டுச் சிலர் திரும்பி வந்தபோது எடுத்தார்கள். திரும்பி வராதவர்களின் செருப்புகளை யாரும் தொடவில்லை. லொட்ஜைக் கூட்டும் பெண் அவற்றைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினாள். நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மற்றப் பக்கமாகவே நடந்தேன்.

4

எனக்கு விசா சரிவந்தபோது கொட்டாஞ்சேனைக்குப் பயணம் சொல்லப் போனேன். தேவாலயத்துக்குப் பின்பக்கம், தோட்டம் என்று சொல்லும் நெருக்கக் குடியிருப்பில் ஒன்றோடொன்று ஒட்டின வீடுகள். ரெஜினா அக்கா தேத்தண்ணீர் தந்தாள். கதவடியில் மூன்று சோடி செருப்பு வைக்கும் பலகை ஒன்று இருந்தது. மூன்றாவது இடம் வெறுமையாக, துடைத்து மினுக்கியிருந்தது. ஆட்கள் வெளிநாடு போகிறவனிடம் என்னென்னவோ கேட்பார்கள். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"போற இடத்தில கடல் இருக்குதா தம்பி?"

"ஓம் அக்கா. இதே கடல்தான். மற்றக் கரை."

"அப்ப இங்க இடதை நான் பார்க்கிறன். அங்க வலதை நீங்க பாருங்க."

சரி என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு நான் அவளுக்கு ஃபோன் எடுப்பேன். போர் முடிந்தது. அவள் ஹெந்தளையில் மூத்த மகனோடு போய் இருந்தாள். முழங்கால் தேய்ந்தது. காணாமல் போனோரை விசாரிக்கும் எத்தனையோ ஆணைக்குழுக்களின் முன்னால் வரிசையில் நின்றாள். ஆனாலும் செப்டெம்பரில் பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போவதை நிறுத்தவில்லை. எங்கள் பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"வலது ஏதும் வந்ததா தம்பி?"

"இல்லை அக்கா. உங்கடை பக்கம்?"

"இங்கயும் இல்ல. கர்த்தருக்குத் தோத்திரம்."

பிறகு விஜியைப் பற்றி, மகளைப் பற்றி, மழையைப் பற்றி. வைக்கும்போது இரண்டு பேருக்கும் நெஞ்சு இலேசாகிவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஜூட்டை நான் கண்டதேயில்லை. ஆனால் ஏதோ ஒரு தெருவில் நீலச் செருப்போடு அவன் நடந்துகொண்டிருப்பதை நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

5

இந்த வருடம் ஆரணி என்னோடு வரமாட்டேன் என்றுவிட்டாள். கூட்டாளிகளோடு கரையின் மற்ற முனையில் நிற்பாளாம். சரி, பிள்ளை பெரிதாகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு நான் தனியே பொறுக்கினேன். குளிர் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் அவள் வருவது தெரிந்தது. ஓடி வரவில்லை, மெதுவாக வந்தாள். இரண்டு கையாலும் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். கையுறையைக் கழற்றியிருந்தாள்.

"அப்பா," என்றாள். பிறகு இங்கிலீசில், "மூன்று இருந்தால் என்ன செய்வது என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லையே" என்றாள்.

நீலம் வெளிறிச் சாம்பலாகிவிட்ட ரப்பர். வார் இல்லை. ஓரங்களைக் கடல் தின்றிருந்தது. குதிக்காலில் மூன்று ஓட்டை. வலது கால்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். பையை வாங்க வந்த கவுன்சில்காரர் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். கடலைப் பற்றிப் படித்த மனிதர் அவர். இலங்கைப் பக்கத்துச் சாமான் இங்கே வருமா என்று கேட்டேன். வருவது அபூர்வம், நீரோட்டம் பெரும்பாலும் அப்படி ஓடுவதில்லை என்றார். அதைக் கேட்டு மூச்சு வந்தது. ஓட்டையைப் புழுவும் போடும், நண்டும் போடும், ஒரு குழந்தை தடியாலும் குத்தும். இத்தனை வருடம் கடலில் கிடந்த ரப்பர் இவ்வளவுக்கும் மிஞ்சுமா? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஓட்டைகளின் உட்பக்கம் கறுத்து, உருகி இறுகின மாதிரி இருந்தது. விரலை ஓட்டிப் பார்த்தவன் சட்டென்று எடுத்துவிட்டேன்.

காருக்குள் வைத்து ஆரணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், அவருக்குச் சொல்ல வேண்டும் என்றாள். முடியாது என்றேன். அந்தப் பெண் இத்தனை வருடம் உயிரோடு இருப்பதே அந்தச் செருப்பு வராததால்தான், எனக்கு நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லி அவளைக் கொல்லமாட்டேன் என்று கத்தினேன். அது அவருடைய பிள்ளை, உங்களுடைய பிள்ளை அல்ல என்றாள் அவள்.

ஞாயிறு மத்தியானம் ரெஜினா அக்காவுக்கு எடுத்தேன். விஜியும் ஆரணியும் பக்கத்தில் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி ஃபோனை மேசையில் வைத்திருந்தேன்.

"நேத்துப் போனனான் தம்பி. சரியான கடல். இடதெல்லாம் பார்த்தன், இல்ல. அங்க வலது ஏதும் வந்ததா?"

"இல்லை அக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"ஏன் தம்பி குரல் ஒரு மாதிரி இருக்கு?"

நான் வாய் திறக்குமுன் ஆரணி மேசையில் சாய்ந்தாள். மாதக்கணக்கில் அவள் வாயிலிருந்து நான் கேளாத தமிழ் வந்தது.

"அன்ரி, ஒண்டு வந்தது. நான்தான் எடுத்தனான். மூண்டு ஓட்டை."

விஜி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அழுகைக்குக் காத்திருந்தேன். அழுகை வரவில்லை.

"எந்தக் கால் பிள்ளை?"

"வலது."

ரெஜினா அக்கா கணக்கொன்றைச் சரிபார்த்து முடித்தவளைப் போல நிதானமாகக் கதைத்தாள்.

"சரி. இடது இங்க வரேல்லை. ஒவ்வொரு வருசமும் ஒண்டு விடாமப் பார்த்தனான், வரவேயில்லை. அப்ப இடது இன்னும் அவன்ட காலிலதான் இருக்கு. ஒத்தைச் செருப்போட திரியிறான் பாருங்க, அவனுக்குச் சின்னனிலயிருந்தே கவனமில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பிள்ளை, அதை எறிஞ்சு போடாதேங்கோ. வந்து கேப்பான்."

"ஓம் அன்ரி" என்றாள் ஆரணி.

ஃபோனை வைத்தேன். ஆரணிதான் முதலில் எழுந்தாள். செருப்பைக் குழாயடியில் கழுவினாள். வாசலில் எங்கள் சப்பாத்துகள் இருக்கும் தட்டுக்குப் போய், தன்னுடையவற்றை ஒரு பக்கம் ஒதுக்கி அதை வைத்தாள். வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு அதை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, இடப்பக்கத்தில் இன்னொரு செருப்புக்கு இடம் விட்டாள்.